சமையல் எண்ணெயும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழுப்பைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை ‘எந்த எண்ணெய் நல்லது?’ என்பதில்தான் வந்து நிற்கின்றன. கடலையா, நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்னும் அந்த விவாதத்தில் இரண்டு செய்திகள் அடிபட்டுப் போகின்றன. எந்த எண்ணெயானாலும் எவ்வளவு என்பது ஒன்று. தமிழ்நாட்டுச் சமையலறையில் வழக்கமாக இருக்கும் எண்ணெய்கள் எதிலுமே போதிய அளவு இல்லாத ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமில வகை பிறகு எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. கீழே உள்ள விடைகள் இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

கொழுப்பை அறவே ஒதுக்கிவிட்டால் உடம்புக்கு நல்லதுதானே?

இல்லை. கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் தருவது 4. அதனால் எடை குறைக்க நினைப்பவர் முதலில் எண்ணெயில் கைவைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. உடலின் ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள சவ்வு கொழுப்பு அமிலங்களைக் கொண்டே கட்டப்படுகிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பின் துணையோடுதான் குடலிலிருந்து நன்கு உறிஞ்சப்படுகின்றன. முருங்கைக்கீரையை வெறும் நீரில் வேகவைத்து உண்பவரைவிட, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி உண்பவருக்கே அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் கூடுதலாகச் சேரும்.

‘இன்றியமையாத’ கொழுப்பு அமிலம் என்பதன் பொருள் என்ன?

இங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் மிகக் குறுகியது: உடலுக்குத் தேவை, ஆனால் உடலால் செய்துகொள்ள முடியாது, ஆகவே உணவில் வந்தாக வேண்டும். அவ்வளவே. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் ஒரு சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்பே இல்லையென்றால் நிறைவுற்றது. ஒன்றோ பலவோ இருந்தால் நிறைவுறாதது. சங்கிலியின் அமில முனையிலிருந்து எண்ணி ஒன்பதாவது கார்பன் வரைதான் மனித உடலால் இரட்டைப் பிணைப்பை ஏற்படுத்த முடியும். அதற்கு அப்பால் பிணைப்பை ஏற்படுத்தும் நொதிகள் தாவரங்களிடம் உண்டு, நம்மிடம் இல்லை. அந்தக் குறையின் காரணமாக இரண்டு அமிலங்களுக்கு நாம் உணவையே நம்பியிருக்கிறோம். ஒமேகா-6 குடும்பத்தின் தலைமகனான லினோலெயிக் அமிலம் ஒன்று; ஒமேகா-3 குடும்பத்தின் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் மற்றொன்று. பெயர்கள் குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பது இத்துறையின் பழைய சாபக்கேடு. ‘யிக்’ என்பதும் ‘னிக்’ என்பதும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கடலை எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் இதயத்துக்கு உகந்தது என்றாலும் இன்றியமையாததன்று. அதை உடலே செய்துகொள்ளும். விளம்பரங்கள் ‘இன்றியமையாதது’ என்பதை ‘எவ்வளவு கூடினும் நல்லது’ என்ற பொருளில் வழங்குவதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல நேர்கிறது.

இது எப்படிக் கண்டறியப்பட்டது?

1929ஆம் ஆண்டு வரை, கொழுப்பில் கரைந்துள்ள வைட்டமின்களைத் தனியே கொடுத்துவிட்டால் கொழுப்பு தேவையில்லை என்பதே பொதுவான கருத்து. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியினர் எலிகளுக்குக் கொழுப்பை முற்றிலும் நீக்கிய உணவைக் கொடுத்து, வைட்டமின்களைத் தனியே சேர்த்து வளர்த்தனர். சில மாதங்களில் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்து, நுனி அழுகியது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டு எலிகள் மடிந்தன. லினோலெயிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தபோது நோயுற்ற எலிகள் தேறின. இதை 1930இல் வெளியிட்டனர்.

மனிதருக்கும் இது பொருந்துமா என்று அறிய, அதே வட்டத்தைச் சேர்ந்த வில்லியம் பிரௌன் ஆறு மாதம் கொழுப்பு ஏறத்தாழ இல்லாத உணவையே உண்டு பார்த்தார். அவருக்கு எலிகளுக்கு வந்த தோல் நோய் எதுவும் வரவில்லை; நெடுநாள் தொல்லையாக இருந்த ஒற்றைத் தலைவலி நின்றுபோனதுதான் மிச்சம். 1938இல் வெளியான இந்தச் சோதனை, பெரியவர்களுக்கு இந்த அமிலங்கள் தேவையில்லையோ என்ற ஐயத்தைக் கிளப்பியது. விடை எளியது: வளர்ந்த மனிதரின் உடற்கொழுப்பில் லினோலெயிக் அமிலம் பெருமளவு சேமிப்பில் இருக்கிறது, ஆறு மாதத்தில் அது தீராது. சேமிப்பு இல்லாத கைக்குழந்தைகளின் நிலை வேறு. கொழுப்பு நீக்கிய பாலை உண்ட குழந்தைகளின் தோல் வறண்டு, தடித்து, உரிவதை ஆரில்ட் ஹான்சன் 428 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் காட்டினார். அது 1963இல் வெளிவந்தது.

ஒமேகா-3க்கான சான்று அதற்கும் பிந்தியது. வயிற்றில் குண்டடிபட்டுக் குடலின் பெரும்பகுதியை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு நரம்பு வழியே உணவு செலுத்தப்பட்டது. அதிலிருந்த கொழுப்பு குசும்பா எண்ணெயிலிருந்து வந்தது. குசும்பாவில் லினோலெயிக் உண்டு, ஆல்ஃபா லினோலெனிக் இல்லை என்றே சொல்லலாம். சில மாதங்களில் கால் மரத்தது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. இரண்டு அமிலங்களும் கொண்ட சோயா எண்ணெய்க் கலவைக்கு மாற்றியதும் அத்தனையும் மறைந்தன. ரால்ஃப் ஹோல்மன் குழுவினர் 1982இல் வெளியிட்ட இந்த ஒற்றை நோயாளியின் வரலாறு, ஒமேகா-3 மனிதருக்கு இன்றியமையாதது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்தப் பற்றாக்குறை நம்மிடையே உண்டா?

வெளிப்படையான பற்றாக்குறை இன்று அரிது. கொழுப்பைச் செரிக்க இயலாத நோயாளிகளிடமும், நெடுநாள் நரம்புவழி உணவில் இருப்பவர்களிடமும் காணப்படலாம். முன்னாளில் தென்னிந்தியாவின் ஏழைக் குடும்பத்துப் பள்ளிச் சிறார்களிடம் முழங்கை, முழங்கால், பின்தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் முள்முள்ளாகத் தடித்து நிற்கும் நோய் மிகுதியாக இருந்தது. தேரையின் தோலைப் போலிருப்பதால் மருத்துவத்தில் அதற்கு அந்தப் பொருளிலேயே பெயர் வைத்தனர். வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. பின்னர், லினோலெயிக் மிகுந்த எண்ணெயும் பி வைட்டமின்களும் கொடுத்தபோது தோல் தெளிந்ததால் இன்றியமையாக் கொழுப்பு அமிலக் குறைவுக்கும் அதில் பங்கு உண்டு என்று அறியப்பட்டது.

இன்றைய சிக்கல் அதன் மறுபக்கம். ஒமேகா-6 தேவைக்கு மேல் கிடைக்கிறது. ஒமேகா-3 தேவையின் விளிம்பில் நிற்கிறது.

எந்த எண்ணெயில் எது இருக்கிறது?

நல்லெண்ணெயில் லினோலெயிக்கும் ஒலியிக்கும் ஏறத்தாழச் சம அளவில், ஒவ்வொன்றும் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கின்றன. கடலை எண்ணெயில் ஒலியிக் பாதியை நெருங்கும். லினோலெயிக் மூன்றில் ஒரு பங்கு. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். தவிட்டெண்ணெய் கடலை எண்ணெய்க்குப் பக்கத்து வீடு. பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. லினோலெயிக் 2 விழுக்காடு அளவே.

இந்தப் பட்டியல் முழுவதிலும் ஒமேகா-3 என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது ஒரு விழுக்காட்டைத் தொடுவதில்லை. சோயா எண்ணெயில் 7 விழுக்காடு அளவில் உண்டு. வடக்கிலும் வங்காளத்திலும் புழங்கும் கடுகெண்ணெயில் 10 விழுக்காடு அளவில் உண்டு. அதன் காரநெடி தெற்கில் பலருக்கு ஒத்துவருவதில்லை, அதில் மிகுந்துள்ள எருசிக் அமிலம் இதயத்துக்கு ஆகாதோ என்ற தயக்கமும் இருக்கிறது. ஆகவே கடலை எண்ணெயை விட்டுச் சூரியகாந்திக்கு மாறுவதாலோ, மீண்டும் நல்லெண்ணெய்க்குத் திரும்புவதாலோ இந்தக் குறை தீராது.

‘கொலஸ்ட்ரால் அறவே இல்லாதது’ என்று தாவர எண்ணெய்ப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் இருப்பது. இட்லியில் எலும்பு இல்லை என்று அறிவிப்பது போன்றதுதான் அது.

ஒமேகா-6 உடலில் அழற்சியை உண்டாக்கும் நஞ்சு என்கிறார்களே?

பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுதாகச் சொல்லப்படும் செய்தி இது. லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அரக்கிடோனிக் அமிலத்தை உருவாக்குகிறது; அதிலிருந்து வலி, வீக்கம், இரத்த உறைவு ஆகியவற்றை இயக்கும் புரோஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்கள் பிறக்கின்றன. ஆஸ்பிரின் வேலை செய்வது இந்தப் பாதையை மறித்துத்தான். அதையும் சேர்த்து விளக்கியவர்களுக்கே 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் லினோலெயிக்கைக் கூட்டிக் கொடுத்த சோதனைகளில் இரத்தத்தின் அழற்சிக் குறிகள் அதற்கேற்ப உயரவில்லை. உடல் தனக்கு வேண்டிய அளவுக்கு மேல் அதை மாற்றுவதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை 9,423 பேரிடம் நடந்த சோதனையில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக லினோலெயிக் மிகுந்த சோள எண்ணெய் தரப்பட்டது. கொலஸ்ட்ரால் குறைந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை. அதன் வெளியிடப்படாதிருந்த தரவு 2016இல்தான் மறு ஆய்வாக வெளிவந்தது. மறுபுறம், பல சோதனைகளை ஒன்றுதிரட்டிய காக்ரேன் என்னும் மருத்துவச் சான்றுத் தொகுப்பு அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 17 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது. எனவே ஒமேகா-6ஐ நஞ்சென ஒதுக்குவதற்கும் ஆதாரமில்லை, மருந்தென ஊற்றுவதற்கும் ஆதாரமில்லை. உண்மையான சிக்கல் நொதிப் போட்டி: இரண்டு குடும்பங்களையும் அடுத்த கட்டத்துக்கு மாற்றுவது ஒரே நொதிதான். ஒமேகா-6 வரிசை கட்டி நின்றால் சிறிதளவே வரும் ஒமேகா-3க்கு முறை வருவது தாமதமாகும்.

மீன் உண்ணாதவர்களுக்கு ஒமேகா-3 எப்படிக் கிடைக்கும்?

ஆளி விதை மிகச் சுருக்கமான வழி. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியில், அதாவது 7 கிராமில், ஏறத்தாழ 1.6 கிராம் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வகுத்த அளவும் அதுவே. பெண்ணுக்கு 1.1 கிராம். விதையை முழுதாக விழுங்கினால் தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிடும். இளஞ்சூட்டில் வறுத்து, மிளகாய், உளுந்து, பெருங்காயத்தோடு இட்லிப்பொடியாகத் திரித்துக்கொள்வது நம் வீட்டுக்கு ஒத்த வழி. வாரத்துக்கு ஆவதை மட்டும் திரிக்க வேண்டும். பொடித்த ஆளி விரைவில் சிக்குப் பிடிக்கும். வால்நட்டிலும் இந்த அமிலம் உண்டு, விலைதான் கைக்கு எட்டுவதில்லை.

பலரும் அறியாத மூலம் உளுந்து. அதில் கொழுப்பு 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவே என்றாலும், அக்கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி ஆல்ஃபா லினோலெனிக். நான்கு இட்லியில் சுமார் 20 கிராம் உளுந்து இருக்குமானால் 100 முதல் 150 மில்லிகிராம் வரை கிடைக்கும். இது போதாது, ஆனால் கீரையோடும் வெந்தயக்கீரையோடும் சேர்ந்து நாள்தோறும் வருவதால் வெறும் பூச்சியமும் இல்லை.

இதில் ஒரு தடை உண்டு. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ., இதயத்தோடு தொடர்புடைய இ.பி.ஏ. ஆகிய நீண்ட சங்கிலி அமிலங்களாக ஆல்ஃபா லினோலெனிக் மாறுவது மிகக் குறைவு: இ.பி.ஏ. ஆவது நூற்றில் சில, டி.ஹெச்.ஏ. ஆவது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெண்களிடம் சற்றுக் கூடுதல். புனே மக்களையும் அமெரிக்கர்களையும் ஒப்பிட்டுக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. தாவர உணவிலிருந்து நீண்ட சங்கிலி அமிலங்களைத் திறம்பட உருவாக்க உதவும் மரபணு வடிவம் இந்தியர்களில் 68 விழுக்காட்டினரிடமும் அமெரிக்கர்களில் 18 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவில் வாழ்ந்ததன் தடயம் இது என்பது அவர்கள் கருத்து. ஆனால் அதே மரபணு, சூரியகாந்தி எண்ணெய் வெள்ளமாக வரும்போது அதையும் அதே திறமையோடு அரக்கிடோனிக் அமிலமாக மாற்றும். பழைய உணவுக்குப் பழகிய உடம்புக்குப் புதிய எண்ணெய்க் கணக்கு பொருந்தாமல் போகலாம் என்பது இதன் உட்பொருள். கடற்பாசி நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் டி.ஹெச்.ஏ. மாத்திரை சைவர்களுக்கும் உகந்தது.

எந்த மீன், எவ்வளவு, எப்படிச் சமைப்பது?

விலை உயர்ந்த மீன்தான் சத்து மிகுந்தது என்பது தவறு. தென் மாவட்டங்களில் சாளை என்றும் மற்ற இடங்களில் மத்தி என்றும் வழங்கும் சிறு மீனும், அயிலை எனப்படும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 மிகுந்தவை. கொழுத்த பருவத்தில் 100 கிராமுக்கு ஒரு கிராமும் அதற்கு மேலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. போதுமென்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை சாளை வாங்கும் வீட்டில் இது தானாக நிறைவேறிவிடும்.

சமைக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். ஆழ்ந்த எண்ணெயில் பொரிக்கும்போது மீனின் கொழுப்பு வெளியேறி, வாணலி எண்ணெய் உள்ளே புகுகிறது. குழம்பில் அப்படியில்லை, புளிக்குழம்பு ஆறியதும் மேலே மினுமினுப்பாகத் திரண்டு நிற்கும் எண்ணெயில் ஒரு பங்கு மீனுடையது, அது சோற்றோடு சேர்ந்து நமக்கே வருகிறது. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சாளைக்கும் நெத்திலிக்கும் அந்தக் கவலை பெரிதாக இல்லை.

மீன் எண்ணெய் மாத்திரை இதயத்தைக் காக்குமா?

முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் 1,000 மில்லிகிராம் என்றிருப்பது மொத்த மீன் எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120 என்றிருக்கும், நமக்குக் கிடைப்பது அந்த 300தான்.

நோயற்ற பொதுமக்களுக்கு அது பெரிய பயன் தருவதாகத் தெரியவில்லை. 25,871 பேரை ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான வைட்டல் ஆய்வில், நாளுக்கு ஒரு கிராம் மாத்திரை முதன்மை இதய நோய் நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்ந்த இதய நோயாளிகளுக்கும் நீரிழிவு உடையவர்களுக்கும் நாளுக்கு 4 கிராம் தூய இ.பி.ஏ. கொடுத்த ரெட்யூஸ்-இட் சோதனையில் நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. இரண்டு அமிலங்களையும் சேர்த்து அதே அளவில் கொடுத்த ஸ்ட்ரெங்த் சோதனையில் 2020இல் பயன் எதுவும் தெரியவில்லை. முந்தைய சோதனையில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கனிம எண்ணெய் கொடுத்ததே வேறுபாட்டைப் பெரிதாக்கியிருக்கலாம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டிலும் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் கோளாறு சற்றுக் கூடியது. ஆகவே உயர் அளவு மாத்திரை மருத்துவர் சீட்டில் வர வேண்டிய மருந்து. கடையில் தானாக எடுத்துக்கொள்ளும் சத்துப்பொருள் அன்று.

தேங்காயெண்ணெயும் நெய்யும் உண்மையில் கெடுதலா?

தேங்காயெண்ணெயின் கொழுப்பில் பாதியளவு லாரிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம். அது நல்ல கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்பது மெய், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.ஐயும் சேர்த்து உயர்த்துகிறது என்பதும் மெய். 16 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களை ஒப்பிட எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கூடியிருந்தது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் தேங்காய்ப்பாலில் வளர்ந்தவர்களை நோக்கி அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது என் எண்ணமன்று. தாளிக்க ஒரு கரண்டி, பருப்புச் சோற்றுக்கு அரைக் கரண்டி நெய் என்ற அளவில் யாருக்கும் கெடுதல் வராது. வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிப்பதும், காப்பியில் கலந்து குடிப்பதும் வேறு கணக்கு.

செக்கெண்ணெயா, ரீஃபைண்டா?

கொழுப்பு அமிலக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. செக்கெண்ணெயில் மணமும், நல்லெண்ணெயைப் பொறுத்தவரை கெட்டுப்போகாமல் காக்கும் லிக்னன் பொருள்களும் நன்கு நிற்கும். எண்ணெய் பிரியவும் சுவைக்காகவும் செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது இன்றும் நம் ஊர்களில் வழக்கம். நல்லெண்ணெயின் அந்த இனிய வாசனை ரீஃபைண்டில் வராது. ரீஃபைண்ட் எண்ணெய் கூடுதல் சூட்டைத் தாங்கும். செக்கெண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றினால் கலோரி தாராளமாகவே சேரும்.

டிரான்ஸ் கொழுப்பு இன்னும் இருக்கிறதா?

திரவ எண்ணெயில் நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் கட்டியாக்கும்போது பிறப்பது இது. வனஸ்பதி இதன் பழைய உருவம். எல்.டி.எல்.ஐ உயர்த்தி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இரட்டைத் தீமை இதற்குண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதன் உச்ச வரம்பை 2021இல் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடாகவும் குறைத்தது. ஆனால் மீண்டும் மீண்டும் காய்ச்சும் எண்ணெய் சட்டத்துக்கு எளிதில் அகப்படுவதில்லை. மாலைநேரப் பஜ்ஜிக் கடையின் வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பாக வழிகிறதென்றால் அது மாற்றப்பட வேண்டிய கட்டத்தைக் கடந்துவிட்டது. எண்ணெய் சிதைவதால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. வீட்டில் அதை அளக்கக் கருவி தேவையில்லை, மூக்கே போதும்.

ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு எண்ணெய்?

ஒருவருக்கு நாளுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், நால்வருக்கு மாதம் 3 கிலோ. அளவையில் மூன்று லிட்டரைச் சற்றே தாண்டும். இந்தியாவில் தலைக்கு ஆண்டு நுகர்வு 19 கிலோவைக் கடந்துவிட்டது, அதாவது நாளுக்கு 50 கிராமுக்கு மேல். மளிகைச் சீட்டில் நால்வர் வீட்டுக்கு ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் என்று எழுதப்படுகிறதென்றால், எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு முன்பு அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் கொழுப்பு நீக்கிய பால் கொடுக்கலாமா?

இரண்டு வயதுக்குள் கூடாது. தாய்ப்பாலின் கலோரியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. மூளை விரைந்து வளரும் பருவம் அது. தாய்ப்பாலில் டி.ஹெச்.ஏ.வின் அளவு தாயின் உணவைப் பொறுத்து மாறுவதால், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் நாளுக்கு 200 மில்லிகிராம் டி.ஹெச்.ஏ.வாவது பெற வேண்டும் என்பது மேற்சொன்ன நிபுணர் குழுவின் பரிந்துரை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு தட்டிப் போட்டு நெத்திலிக் குழம்போ சாளைக் குழம்போ வைக்கும் வீடுகளில் இந்த அளவு மாத்திரையில்லாமலே கிடைத்துவிடும்.